நான் வாசித்துக் காட்டிய காகிதம்

சென்ற மாதம் அம்பாங்கானிலுள்ள ஓர் இடைநிலைப்பள்ளியிலிருந்து மூன்று மாணவிகள் ரஹாங்கில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார்கள். பள்ளித் தொண்டர் சங்கத்தின் தலைவியும் இரண்டு உறுப்பினர்களும். ஆளுக்கொரு சிறிய புத்தகம் வைத்திருந்தார்கள். எங்கே தொண்டு செய்தோம், எத்தனை மணி நேரம் செய்தோம் என்று அதில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அதற்குப் புள்ளி உண்டாம். எங்கள் காலத்தில் அப்படியொன்று கிடையாது.

"ஆன்ட்டி, நீங்க அவ்வளவு வருசம் ஆஸ்பத்திரியில சிஸ்டரா இருந்திருக்கீங்க. அதுக்கு முன்னாடி ஸ்கூல்ல எங்கள மாதிரியே கிளப் தலைவியா இருந்தீங்களாம். தலைமைத்துவத்தப் பத்தி எங்க ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க லா," என்றாள் தலைவி.

எழுதித் தருவதாகச் சொன்னேன். உட்கார்ந்து எழுதியபோது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அவர்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

ஜப்பான் சண்டைக்கு முன்பு நான் சிரம்பானில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தேன். அங்கே எங்கள் தொண்டர் சங்கத்தில் இருபது பேர் இருந்தோம். சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் பூங்கொத்து கொண்டுபோவோம். முதலுதவி வகுப்பில் ஒருவர் கைக்கு ஒருவர் கட்டுப் போட்டுப் பழகுவோம். காயமே இல்லாத கைக்கு அழகாகக் கட்டுப் போட்டதற்காக எனக்கு ஒரு பரிசுகூடக் கொடுத்தார்கள். கடைசி வருடம் என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவியாகி இரண்டு தவணை முடிவதற்குள் ஜப்பான்காரர்கள் வந்துவிட்டார்கள். பள்ளியை மூடிவிட்டார்கள்.

என் அப்பா தம்பின் போகும் சாலையில் எட்டாம் மைல் கட்டையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இருபது வயதில் வந்து, ஆபீஸ் நாற்காலியிலேயே தலை நரைத்தவர். வெள்ளைக்கார மேனேஜர் காரில் சிங்கப்பூருக்கு ஓடிய பிறகு ஆபீஸ் சாவி அப்பாவிடம் தங்கிவிட்டது. வாரம் ஒரு முறை சிரம்பானிலிருந்து ஒரு ஜப்பானிய அதிகாரி வந்து, நின்றபடியே உத்தரவுகளைச் சொல்லிவிட்டுப் போவார். டவுனில் பெண் பிள்ளைகளை வைத்திருக்க எல்லோரும் பயந்த நேரம் அது. அதனால் நானும் தோட்டத்துக்கு வந்தேன். என் வகுப்புத் தோழி ரோசும் வந்தாள். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரசர் அருளப்பனின் அண்ணன் மகள் அவள்.

இரண்டு பேரும் வெறுமனே உட்கார்ந்திருந்து அலுத்துப்போய் டிரசர் ஐயாவிடம் போய், "எங்களுக்கு முதலுதவி தெரியும், வேலை கொடுங்கள்" என்று கேட்டோம். அவர் எங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நகத்த வெட்டிட்டு நாளைக்கு வாங்க," என்றார். அவ்வளவுதான்.

அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள். குரலை உயர்த்தியதே கிடையாது. பாராட்டியதும் கிடையாது. நான் பிறகு எத்தனையோ டாக்டர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன், லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நோயாளியின் குடிசைக்குள் நுழையும்போது தலையைக் குனிந்து, "வரலாமா?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். நாங்கள் எதைச் சொன்னாலும், "பாத்தியா, கேட்டியா?" என்பார். நேரில் பார்த்தாயா, யாராவது சொல்லிக் கேட்டாயா என்று பொருள். "மூணாவது லயத்துல ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் ஐயா" என்றால், "பாத்தியா, கேட்டியா?" கேட்டது என்றால் உடனே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையைச் சாகும் நிலையில் இருப்பவர்களுக்கென்று ஒளித்து வைத்திருந்தார். அரிசி இல்லாமல் ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றே வாழ்ந்தார்கள். கால் வீங்கியது. அதற்குத் தவிட்டைச் சலித்து வறுத்துக் கொடுப்போம். எல்லாவற்றையும்விடப் பெரிய துன்பம் புண். முழங்காலுக்குக் கீழே சின்னக் கீறல் பட்டாலும் பத்து நாளில் உள்ளங்கை அகலத்துக்கு அழுகிவிடும். எலும்பு தெரியும். அந்த நாற்றம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

புண்ணைக் கழுவ ஐயா ஒரு முறை வைத்திருந்தார். அதில் ஓர் இழை மாறக்கூடாது. மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கிடைத்த உப்பைப் போட வேண்டும். முழங்கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் பழைய கட்டை நனைத்து ஊற வைக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் பிய்த்து இழுக்கக்கூடாது. அது தானாக விட்டுக் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அழுகிய சதை மேல் மட்டும் பப்பாளிக் காயின் பாலைத் தடவி, கொஞ்ச நேரம் பொறுத்துக் கழுவிவிட வேண்டும். கட்டுத் துணி பழைய வேட்டி, சேலை எதுவானாலும் கொதிக்க வைத்து வெயிலில் காய்ந்ததாக இருக்க வேண்டும். கடைசியாக ஒரு லாலான் புல் தண்டைப் புண்ணின் அகலத்துக்கு வைத்துக் கிள்ளி, அந்த வீட்டு அத்தாப்பு ஓலைச் சுவரில் செருகிவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு தண்டு. தண்டுகள் சிறிதாகிக்கொண்டு வந்தால் புண் ஆறுகிறது. "நோயாளிகிட்ட ஆறிடும்னு சொல்லாதீங்க. அவங்களே சுவத்தப் பாத்துக்கட்டும்," என்பார்.

ரோசும் நானும் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டோம். காலையில் ஆறு பேரும் லயத்துக்கு ஒருவராகப் பிரிந்து போவோம். சிரம்பானில் சங்கம் என்றால் பேட்ஜ், கூட்டம், நன்றியுரை. இங்கே பேர்கூட வைக்கவில்லை. ஆனாலும் நான்தான் தலைவி என்று எல்லோருக்கும் தெரியும். யார் எந்த வீட்டுக்குப் போவது என்று நான்தான் சொல்வேன். லயத்து ஜனங்கள் எங்களை "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க" என்றார்கள். நாங்கள் போனால் கதவைத் திறந்தார்கள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

மூன்றாவது லயத்தில் அஞ்சலை இருந்தாள். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்றாலும் கிராணி மகள் என்ற மிதப்பில் நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். மண்வெட்டி பட்ட இடது காலில் புண். கணவன் மாரிமுத்து, நான் கழுவும்போதெல்லாம் அவள் தலையைத் தன் தொடையில் தாங்கிப் பிடித்துக்கொள்வார். வாயாடி. அவளைச் சிரிக்க வைக்க வேலை வாங்கும் மாண்டோரைப் போல நடந்து காட்டுவார்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் அப்பா ஆபீசிலிருந்து ஒரு காகிதத்தோடு வந்தார். தமிழில் அச்சடித்தது. சயாமில் ரயில் பாதை போட ஆட்கள் வேண்டும். மூன்று மாதம்தான். அரிசி, துணி, மருத்துவம் எல்லாம் உண்டு. விட்டுப்போகும் குடும்பத்துக்கும் அரிசி வரும். முடிந்ததும் ரயிலிலேயே திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

"பிள்ளை, மாண்டோர் சொன்னால் சனம் நம்பாது. நீங்கள் வீட்டுக்கு வீடு போறனீங்கள்தானே. இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ," என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். தோட்டத்துக்கே செய்தி சொல்லும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் மருந்தகத்தில் டிரசர் ஐயாவிடம் காகிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கை கழுவப் போய்விட்டார்.

முதல் லயத்தில் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், "நெசந்தானா பாப்பா?" என்றார். "இதில அப்படித்தான் போட்டிருக்கு," என்றேன். இரண்டாவது லயத்திலும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது லயத்துக்கு வரும்போது எனக்கு அந்தப் பதில் அலுத்துவிட்டது. அஞ்சலையின் வீட்டு வாசலில் மாரிமுத்து கேட்டார்.

"பாப்பா, மூணு மாசத்துல திரும்பிடலாமா? வீட்டுக்கு அரிசி வருமா?"

"ஆமா, வரும்," என்றேன்.

அவர் உள்ளே திரும்பி அஞ்சலையைப் பார்த்தார். அவள் காலை நீட்டிப் படுத்திருந்தாள். "போயிட்டு வாய்யா. இங்க இருந்து கெழங்கத்தான திங்கப் போறோம். அரிசி சாப்பிட்டா என் காலும் ஆறும்," என்றாள்.

அந்த வாரம் தோட்டத்திலிருந்து லாரி ஏறியவர்களில் மாரிமுத்துவும் ஒருவர். லாரியில் நின்றுகொண்டே மாண்டோரைப் போல நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கை காட்டினேன்.

குடும்பத்துக்கு அரிசி ஒரே ஒரு முறை வந்தது. மூன்று மாதம் முடிந்தது. ஒருவரும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. நான் தினமும் அஞ்சலையின் காலைக் கழுவினேன். சுவரில் லாலான் தண்டுகள் சிறிதாகிக்கொண்டு வந்து, அரிசி நின்றதும் மறுபடி நீண்டன. முதலில் அவள், "ஏதாச்சும் தெரிஞ்சுதா பாப்பா?" என்று கேட்பாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று. வேறு லயத்தை எடுத்துக்கொண்டு ரோசை அங்கே அனுப்பலாமா என்று ஒரு முறை யோசித்தேன். தலைவி என்ற முறையில் அதைச் செய்ய எனக்கு அதிகாரம் இருந்தது. செய்யவில்லை.

ஒரு நாள் கட்டுத் துணிகளைக் கம்பியில் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். டிரசர் ஐயா பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தக் காகிதத்த யாரு எழுதினது?"

"தெரியாது ஐயா."

"எனக்கும் தெரியாது. அன்னைக்கே உங்கிட்டக் கேட்டிருக்கணும். பயந்துட்டேன்." கம்பியில் சுருண்டிருந்த ஒரு துணியை நீவிவிட்டார். "எனக்குப் புள்ளகுட்டி இருக்கு. அதனால பயந்தேன். அதச் சொல்லிடணும்னு தோணிச்சு," என்றார்.

என் அப்பா வயதில் இருந்த ஒருவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஏழாவது மாதம் இரண்டாவது காகிதம் வந்தது. அதே அச்சு, அதே மூன்று மாதம். அப்பா அதை என்னிடம் நீட்டினார்.

"நான் வாசிக்க மாட்டன் அப்பா."

"அவங்கள் கேக்கிறாங்கள் பிள்ளை. ஆக்கள் சேராட்டில் என்னைத்தான் பிடிப்பாங்கள்."

"போன ஆக்கள் எங்கை?"

அப்பா காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்கும் தெரிந்திருந்தது.

நான் எங்கள் பிள்ளைகளைக் கூட்டினேன். வாசிக்காமல் இருப்பது மட்டும் போதாது, போன தடவை நம் வாயால் சொன்னதை நாமே போய்த் திருப்பி எடுக்க வேண்டும் என்றேன். ரோஸ் பயந்தாள்.

"யாராச்சும் போட்டுக் கொடுத்தா நம்ம எல்லாரையும் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க பரமேஸ்."

"வாசிச்சவ நான். நான் மட்டும் போறேன். நீங்க மத்த வேலையப் பாருங்க."

"ஒரு ஆள் ஆறு லயத்துக்கும் சுத்தினா சந்தேகம் வரும். எப்பவும் போறதுபோல ஆறு பேரும் போனா ஒண்ணும் தெரியாது," என்றாள் கடைசியில். பயந்தவள்தான் சரியான யோசனையும் சொன்னாள். நான் நல்ல தலைவியாக இருந்த நேரங்களில் பாதி, ரோஸ் சொன்னதைக் கேட்ட நேரங்கள்தான்.

வழக்கம்போல டின்னும் துணியுமாகக் கிளம்பினோம். புண்ணைக் கழுவிக்கொண்டே ஒவ்வொரு வீட்டிலும் மூன்றே வாக்கியங்கள் சொன்னோம். போன முறை மூன்று மாதம் என்று வாசித்தோம். ஏழு மாதம் ஆகிறது, ஒருவரும் திரும்பவில்லை. மறுபடி ஆள் எடுக்க வருகிறார்கள். போ என்றோ போகாதே என்றோ சொல்லக்கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, பாதி ஆண்கள் இல்லை. காட்டோரத்துக் கிழங்குக் கொல்லைகளுக்குள் போய்விட்டார்கள். அதிகாரி அப்பாவை முன்னால் கூப்பிட்டார். என் கண் முன்னாலேயே அப்பாவின் இடது கன்னத்தில் அறைந்தார். எண்ணவில்லை, நிறைய அடி. பிறகு மத்தியானம்வரை வெயிலில் கையைத் தூக்கியபடி நிற்க வைத்தார். அப்பா யார் பேரையும் சொல்லவில்லை. பெரட்டில் நின்றிருந்தவர்களில் எட்டுப் பேரைச் சிப்பாய்கள் தள்ளி லாரியில் ஏற்றினார்கள். ஆகவே நாங்கள் எல்லோரையும் காப்பாற்றிவிட்டோம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த எட்டுப் பேரின் வீடுகளுக்கும் அடுத்த நாள் காலையில் நாங்கள்தான் போனோம்.

அப்பாவுக்கு இடது காது அதோடு கேட்கவில்லை. நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "பிள்ளை, இனிமேல் இந்தப் பக்கம் இருந்து கதை," என்று வலது பக்கத்தைக் காட்டினார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

சண்டை முடிந்த பிறகு நான் தாதிப் பயிற்சிக்குப் போனேன். பயிற்சி வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எழுந்தோம், தேய்த்துக் கழுவினோம், திட்டு வாங்கினோம், பாஸ் செய்தோம். தம்பினிலும் சிரம்பானிலும் மாறி மாறி வேலை. தம்பினில் ஒரு முறை, ஒரு தோட்டத்து அம்மாவிடம் அறுவை சிகிச்சைக்குக் கைநாட்டு வாங்கி வரும்படி இளம் டாக்டர் ஒருவர் காகிதத்தைக் கொடுத்தார். "என்ன அறுவை என்று இதில் எழுதவில்லையே," என்றேன். "சிஸ்டர், கைநாட்டு மட்டும் வாங்குங்கள், மற்றதை நான் நிரப்பிக்கொள்வேன்," என்றார். நிரப்பிக் கொடுங்கள், பிறகு வாங்குகிறேன் என்று அங்கேயே நின்றேன். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. கோபமாக நிரப்பிக் கொடுத்தார். என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று அவர் மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப் போனது. அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. நான் அந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லை.

அஞ்சலையைப் பற்றி மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பான்காரர்கள் சரணடைந்து சில வாரங்கள் கழித்து, சயாம் போனவர்களில் ஒருவர் மட்டும் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார். காத்தான் என்று பேர். அவருடைய அக்காவுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. மருந்தகத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு டிரசர் ஐயாவிடம் ஒவ்வொரு பேராகச் சொன்னார். நான் பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றேன். மாரிமுத்து போன ஐந்தாவது மாதமே, ஆற்றோரத்து முகாமில் வாந்திபேதியில் இறந்துவிட்டார். நான் இரண்டாவது காகிதத்தை மறுத்தபோது அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"பாத்தியா, கேட்டியா?" என்றார் ஐயா மெதுவாக.

"பாத்தேங்க. நாந்தான் தூக்கினேன்," என்றார் காத்தான்.

ஐயா சட்டையை எடுத்து மாட்டினார். "அஞ்சலைகிட்ட நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"வேண்டாம் ஐயா. நான்தான் வாசிச்சேன். நானே சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினார்.

வெந்நீர் டின்னையும் துணியையும் எடுத்துக்கொண்டு போனேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது; கை பழக்கம். அஞ்சலை வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். புண் அப்போது புளியங்கொட்டை அளவுக்கு வந்திருந்தது. காத்தான் வந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். நான் சொன்னேன். எந்த மாதம், எந்த இடம், யார் தூக்கினார்கள் எல்லாம் சொன்னேன். பிறகு சொன்னேன்:

"அன்னைக்கு அவர் என்னக் கேட்டாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது அக்கா. தெரியாமலே ஆமான்னு சொல்லிட்டேன்."

அவள் அழவில்லை. உள்ளே போய்விட்டாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. டின்னில் தண்ணீர் ஆறிவிட்டது. பக்கத்து வீட்டார் வந்து நின்றார்கள். அவர்களில் யாராவது என்னை அடித்தால் தேவலை என்று இருந்தது.

கடைசியில் அவள் வெளியே வந்து வாசலில் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"நீ ஆமான்னு சொன்ன. நான் போயிட்டு வான்னு சொன்னேன்," என்றாள். "அந்த ஆளு நாம ரெண்டு பேரு சொன்னதையுந்தான் கேட்டுட்டுப் போனாரு. நீ ஒருத்தியே எடுத்துக்கிட்டா எனக்கு என்ன மிச்சம் இருக்கு?"

நான் எழுந்து போகவா என்று கேட்டேன்.

"எங்க போற? தண்ணிய மறுபடி சூடு பண்ணு. கால் வலிக்குது," என்று காலை நீட்டினாள்.

அடுப்பில் டின்னை வைத்தேன். கொதித்ததும் இறக்கி, முழங்கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டேன். பழைய கட்டை நனைத்துவிட்டு, அது தானாக விட்டுக் கொடுப்பதற்காகக் காத்திருந்தேன்.